முத்திரை விழாத பாஸ்போர்ட்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை 66, அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று நீண்டு களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டன; திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் பாறசாலை, செறுவாரக்கோணம், தனுவச்சபுரம், காரக்கோணம் முதலிய ஊர்களில், வீட்டுக்குள் தமிழும் பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளமுமாகப் புழங்கும் குடும்பங்களை இன்றும் காணலாம். இரு மொழியிலும் உருமாறாமல் வழங்கும் சொற்களுள் 'கல்ஃப்' என்பதும் ஒன்று.

கேரளத்திலிருந்து வெளிநாடு சென்று வாழ்வோர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று 2023-ஆம் ஆண்டுக் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் மாணவர்களின் எண்ணிக்கை 2018-ல் 1.29 லட்சமாக இருந்து ஐந்தே ஆண்டுகளில் இரண்டரை லட்சமாகப் பெருகியிருந்தது. சென்ற இடமெல்லாம் அமைதியாக இருந்ததில்லை. 1990-ல் ஈராக் படைகள் குவைத்தைக் கைப்பற்றியபோது 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் வழியாக 59 நாட்களில் 488 விமானப் பயணங்களில் அழைத்து வரப்பட்டார்கள். அதன்பின் 2006-ல் லெபனான், 2011-ல் லிபியா, 2015-ல் ஏமன், 2022-ல் உக்ரைன், 2023-ல் சூடானும் இஸ்ரேலும், 2025-ல் ஈரானும் இஸ்ரேலும் என்று மீட்பு நடவடிக்கைகளின் பெயர்களே ஒரு வரிசையாக நீண்டுவிட்டன. விமானம் தரையிறங்கும் காட்சி நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த விமானத்தில் ஏறுவதற்கு முன் நேர்ந்த காயத்துக்கு யார் செலவழித்தார்கள், விட்டுவந்த வேலைக்கும் வாங்கிய கடனுக்கும் யார் பொறுப்பு, திரும்பாதவர் குடும்பத்துக்கு எந்தப் பணம் எப்போது வந்து சேரும் என்னும் கேள்விகள் பத்திரிகைச் செய்தி மறைந்த பிறகே, அதுவும் சில வீடுகளுக்குள் மட்டுமே எழுகின்றன. அப்போது கேட்கும் முதல் சொல் 'இன்ஷூரன்ஸ் உண்டல்லவா?' என்பது. உண்டு என்றே பெரும்பாலும் பதில் வரும். எது உண்டு, எதற்கு உண்டு என்பதை ஆராயும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பள்ளிச் சான்றிதழ் செய்யும் வேலை

வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியர்களுக்கு அரசு வகுத்துள்ள காப்பின் அடித்தளம் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்னும் குறிப்பு அச்சிடப்படும். அதைத்தான் ஊரில் இசிஆர் பாஸ்போர்ட் என்கிறார்கள். தேறியவர்களுடைய பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருக்காது. எதுவும் அச்சிடப்படாமல் இருப்பதே அங்கு ஒரு தகுதி. இசிஆர் பாஸ்போர்ட் உடையவர், அரசு பட்டியலிட்ட 18 நாடுகளுள் ஒன்றுக்கு வேலை விசாவில் செல்வதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியிடம் அனுமதி பெற்றே விமானம் ஏற வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும், ஈராக், லிபியா, ஏமன், சிரியா, லெபனான், ஜோர்டான், சூடான், தென் சூடான், ஆப்கானிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன.

இந்த அனுமதியோடு கட்டாயமாக ஒட்டிவருவது பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீட்டுத் திட்டம். 2003-ல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்டு, 2017-ல் இன்றைய வடிவத்தை அடைந்த இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் என்று ஒரே முறை பிரீமியம் செலுத்தினால் போதும். விபத்தில் உயிர் போனாலும், வேலை பார்க்க முடியாதபடி நிரந்தர ஊனம் நேர்ந்தாலும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும், வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 ரூபாய் வரையிலும் கோரலாம். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கும். ஒரு நாளைக்கு ஐம்பது காசுக்கும் குறைவான தொகையில் இவ்வளவு தரும் பாலிசி சந்தையில் வேறு இல்லை என்று துணிந்து கூறலாம்.

அந்த மலிவான குடை யாருக்கு விரிகிறது என்று பார்த்தால் எல்லையோர ஊர்களின் முரண் தெளிவாகும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருபது வயதைத் தாண்டிய இளைஞர்களுள் பத்தாம் வகுப்புத் தேறாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் பல தலைமுறைகளாகச் செய்த வேலையின் பயன் அது. அந்தப் படிப்பே அவர்களுடைய பாஸ்போர்ட்டிலிருந்து குறிப்பை நீக்குகிறது. குறிப்பு நீங்கியதும் அனுமதி தேவையில்லை. அனுமதி இல்லாத இடத்தில் கட்டாயக் காப்பீடும் இல்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்னும் அனுமானத்தின் மேல் எழுந்த ஏற்பாடு இது. படித்தவர் ஏஜென்டின் ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்தவராக இருக்கலாம்; ஏவுகணை வரும்போது அந்த வாசிப்பு எந்தப் பயனையும் தருவதில்லை.

நாடுகளின் பட்டியலுக்கும் இதே குறை உண்டு. அது தொழிலாளர் கொடுமையை மனத்தில் வைத்து வரையப்பட்ட பட்டியல். போர் நடக்குமிடங்களைப் பார்த்து வரைந்தது அன்று. ஆகவே அமைதியான மலேசியா அதில் இருக்கிறது. ஈரான், இஸ்ரேல், உக்ரைன், ரஷ்யா ஆகியவை இல்லை. கடலோரத்துக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. பொழியூருக்கு அடுத்த நீரோடியில் தொடங்கிக் குமரி மாவட்டக் கரை முழுவதிலிருந்தும் மீனவர்கள் ஈரானியப் படகுகளில் ஒப்பந்தக் கூலிகளாகச் செல்வது பல ஆண்டு வழக்கம். 2020-ல் கொரோனா முடக்கத்தில் அங்குச் சிக்கிக்கொண்ட மீனவர்களுள் 687 பேரைப் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏற்றிவந்த கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா, ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது வான்வெளி மூடப்பட்டது. அங்குப் படித்த இந்திய மாணவர்கள் ஆர்மீனியா எல்லை வழியாகவும் மஷ்ஹத் நகரத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டார்கள். 'ஆபரேஷன் சிந்து' என்ற அந்த நடவடிக்கையில் இரு நாடுகளிலிருந்தும் சேர்த்து 4,415 இந்தியர்கள் திரும்பினார்கள். தலைநகர்ப் பல்கலைக்கழகத்தில் பயில்பவரைத் தூதரகம் பேருந்தில் ஏற்றிவிடலாம். தெற்குக் கரையில் முதலாளியின் படகிலேயே உண்டு உறங்கும் மீனவர் அந்தப் பேருந்து வரைக்கும் வந்து சேர்வதே ஒரு தனிப் பயணம். அவர் இசிஆர் பாஸ்போர்ட்காரராகவே இருந்தாலும் ஈரான் பட்டியலில் இல்லாததால் 275 ரூபாய்ப் பாலிசி அவருக்குக் கட்டாயமாக்கப்படவில்லை.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு புதிய மசோதாவின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025-ல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. பாஸ்போர்ட் குறிப்பை விட்டுவிட்டு ஆபத்தை அளவுகோலாகக் கொள்ளும் துணிவு அதற்கு வருமா என்பதே எல்லையோர ஊர்கள் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி.

விலக்குப் பிரிவு என்னும் சிறிய எழுத்து

அரசுக் குடைக்கு வெளியே நிற்பவர் வாங்குவது தனியார் அல்லது பொதுத்துறை நிறுவனங்களின் பயணக் காப்பீடு. விமானச் சீட்டு பதிவு செய்யும்போதே ஒரு சிறு கட்டத்தில் டிக் அடித்து வாங்கப்படுவதும், ஷெங்கன் விசா கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பும், மாணவர் பாலிசியும் எல்லாம் இந்த வகையே. மருத்துவச் செலவு, பெட்டி தொலைதல், பயணம் தாமதமாதல், உடலை ஊருக்கு அனுப்புதல் என்று முதல் பக்கத்தில் தொகைகள் டாலரில் அடுக்கப்பட்டிருக்கும். பிற்பகுதியில் 'எக்ஸ்க்ளூஷன்' என்னும் விலக்குப் பிரிவு வரும். எந்தச் சூழ்நிலையில் நிறுவனம் பணம் தராது என்று சொல்லும் பகுதி அது.

அந்தப் பிரிவில் போருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு வாக்கியம் ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் உண்டு. அதை நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். அறிவிக்கப்பட்ட போர், அறிவிக்கப்படாத போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர், கிளர்ச்சி, புரட்சி, ராணுவம் ஆட்சியைப் பிடித்தல் என்று சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு சொல்லிலிருந்து நழுவும் நிகழ்ச்சி அடுத்த சொல்லில் அகப்படும்படி நெய்த வலை அது. ஆனால் மீனைப் பிடிப்பது இந்தச் சொற்கள் அல்ல, அவற்றுக்கு முன்னோ பின்னோ வரும் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்னும் தொடர். குண்டடி பட்டவருக்குப் பணமில்லை என்பது நேரடி. குண்டுவீச்சால் சாலை மூடப்பட்டு, ஆம்புலன்ஸ் வராமல், நெஞ்சுவலியில் இறந்தவர் கதை மறைமுகம் ஆகுமா என்பது வழக்காடு மன்றம் வரைக்கும் போகக்கூடிய கேள்வி. கலவர நாட்டில் சாதாரணமாக வரும் டெங்குவுக்கும் குடல்வாலுக்கும் பாலிசி செல்லும். கலவரத்தின் நிழல் அந்த நோயின் மேல் விழாதவரை.

தெருக் கலவரமும் வேலைநிறுத்தமும் போரிலிருந்து வேறான வகையாகவே காப்பீட்டுத் துறையில் கருதப்படுகின்றன. சில பாலிசிகள் இவற்றுக்குப் பயணத் தாமதம், பயண ரத்து ஆகிய தலைப்புகளில் பணம் தருகின்றன, சில தருவதில்லை. 2022-ல் இலங்கையிலும், 2024-ல் வங்கதேசத்திலும், 2025 செப்டம்பரில் நேபாளத்திலும் நடந்தவை முதலில் தெருப் போராட்டங்களே. மூன்றிலும் ஆட்சியே மாறியது. எந்த நாளில் கலவரம் முடிந்து புரட்சி தொடங்கியது என்று வரலாற்றாசிரியர் பிறகு எழுதலாம். இழப்பீட்டு மனுவைக் கையாளும் அலுவலர் அந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும், அம்முடிவு மனுதாரருக்குச் சாதகமாக அமையும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

போரை ஏன் விலக்குகிறார்கள் என்பதற்கான விடை கிராமத்துச் சிட்டியில், அதாவது மாதச் சீட்டில், இருக்கிறது. இருபது பேர் சேர்ந்து நடத்தும் சிட்டி ஓடுவது, இருபது பேருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்படாது என்னும் நம்பிக்கையில்தான். காப்பீடும் அப்படியே, ஆயிரம் பேரில் யாரோ நால்வருக்கு நேரும் இழப்பை மற்றவர்களின் பிரீமியம் தாங்குகிறது. போர் ஆயிரம் பேரையும் ஒரே இரவில் தாக்கும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் விமானக் குண்டுகள் நகரங்களை அழித்ததைக் கண்ட லண்டன் காப்பீட்டாளர்கள், சரக்கு கப்பலில் இருக்கும் வரைக்குமே போர் அபாயத்தை ஏற்பதென்றும், கரையில் இறங்கிய பின் ஏற்பதில்லை என்றும் 1937-ல் தங்களுக்குள் உடன்பட்டார்கள். கடலில் சிதறிக் கிடக்கும் கப்பல்களைக் காக்கலாம், ஒரே நகரத்தில் குவிந்த கிடங்குகளைக் காக்க முடியாது என்பது அவர்களுடைய கணக்கு. நியாயமான கணக்குத்தான். அதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டு, விற்கும்போது சொல்லாமல் விடுவதற்கு மட்டும் நியாயம் இல்லை.

இந்த விலக்குக்கும் ஒரு சிறு விலக்கு உண்டு. போரில் எந்தப் பங்கும் ஏற்காமல், தாம் சென்ற பிறகு எதிர்பாராமல் மூண்ட போரில் அகப்பட்டவருக்குக் குறிப்பிட்ட சில நாட்கள் வரை மட்டும் காப்பு நீடிக்கும் என்று சில சர்வதேசப் பாலிசிகள் கூறுகின்றன. அந்த நாட்களுக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கு நேர் எதிரானது 'முன்பே அறிந்த நிகழ்ச்சி' என்னும் கொள்கை. போர் செய்தியாகிவிட்ட பிறகோ, செல்ல வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்திய பிறகோ வாங்கப்படும் பாலிசி அந்தப் போரால் விளையும் எதற்கும் பொறுப்பேற்காது. ஏமன் விஷயத்தில் அரசு அறிவுரையோடு நிற்கவில்லை. 2017-ல் இந்திய பாஸ்போர்ட்டில் அந்நாட்டுக்குச் செல்வதையே தடை செய்தது. தடையை மீறிச் சென்றவர் காப்பீட்டை இழப்பதோடு பாஸ்போர்ட்டையும் இழக்க நேரிடும்.

பயணச் சீட்டு அளவிலேயே இந்தப் போர் விலக்கு எப்படிக் கடிக்கும் என்பதை 2025 ஜூன் 23 இரவு காட்டியது. கத்தாரிலுள்ள அமெரிக்க விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீச, கத்தாரும் அண்டை நாடுகள் சிலவும் வான்வெளியை மூடின. கேரளத்திலிருந்து வளைகுடா செல்லும் விமானங்கள் ரத்தாயின, சில பாதிவழியில் திரும்பின. தாமதத்துக்குப் பணம் தருவதாக முதல் பக்கத்தில் வாக்களிக்கும் பாலிசியிலேயே, போரால் வந்த தாமதத்துக்குத் தராத பின்பக்கமும் இருக்கும். மறுநாள் வேலைக்குச் சேராவிட்டால் விசா காலாவதியாகும் நிலையில் இருந்தவர்களின் இழப்புக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

கடன் கட்டிவைத்த கால்கள்

நிலைமை மோசமாகும்போது முன்கூட்டியே வெளியேறுங்கள் என்று எல்லா அறிவுரைகளும் கூறுகின்றன. காப்பீட்டு நிபந்தனைகளும் அதையே எதிர்பார்க்கின்றன. ஏன் வெளியேறுவதில்லை என்பதற்கு 2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரம் விடை தந்தது. அந்நகரை ஐஎஸ் அமைப்பினர் பிடித்தபோது அங்குள்ள மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர்கள் இருந்தார்கள். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் கேரளத்தவர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் குண்டுச் சத்தத்துக்கு நடுவே அங்கேயே சிக்கியிருந்த அவர்கள், ஜூலை 3 அன்று மொசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டு, 5 அன்று எர்பிலிலிருந்து வந்த தனி விமானத்தில் கொச்சியில் இறங்கினார்கள். அவர்களுள் பலருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி இருந்தது. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய லட்சக்கணக்கான கடன் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புவது குண்டுவீச்சைவிட அச்சம் தருவதாக இருந்தது என்பதை வெளியிலிருப்பவர் புரிந்துகொள்வது கடினம். நர்சிங் படிப்புக்கே கடன் வாங்கும் எல்லையோரக் குடும்பங்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத செய்தி.

அந்த அனுபவத்துக்குப் பின் 2015-ல் மத்திய அரசு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பட்டியலிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர், பட்டம் பெற்றவராயினும், குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவர்களைக் கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் வழியாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அம்மாற்றம் விதித்தது. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும் என்று உச்சவரம்பு இருந்தும் அது ஏட்டளவிலேயே இருந்த துறையில், இந்த ஒரு மாற்றம் கடனின் வேரையே தொட்டது. கலவர நாட்டிலிருந்து தப்பிக்கும் ஆற்றலைத் தருவதில், பல பாலிசிகளைவிடக் கடனில்லாமல் புறப்படுவது வலிமையானது.

மருத்துவக் காப்பு என்னும் சொல்லைப் பயணி புரிந்துகொள்ளும் விதத்திலும் ஒரு பிழை உண்டு. அவசர மருத்துவ இடமாற்றம் என்பது நோயாளியைச் சிகிச்சை கிடைக்கும் ஊருக்குக் கொண்டுசெல்வது. அதையும் நிறுவனத்தின் உதவி மையம் முன்கூட்டி ஒப்புக்கொண்டால்தான் செலவு கிடைக்கும். ஆபத்தான நாட்டிலிருந்து நலமாக உள்ள ஒருவரை வெளியேற்றுவது வேறு காப்பு. பெருநிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களுக்கு அதை வாங்குகின்றன. தனி மனிதர் வாங்கும் பாலிசிகளில் அரிது. 2015-ல் ஏமனிலிருந்து 4,640 இந்தியர்களையும் 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் 'ஆபரேஷன் ராஹத்' வெளியேற்றியபோது, அந்த இரண்டாம் வகைக் காப்பின் இடத்தில் கடற்படையும் ஏர் இந்தியாவும் நின்றன. பாஸ்போர்ட் முதலாளியிடம் சிக்கியவர்களுக்குத் தூதரகம் தரும் அவசரச் சான்று, ஊர் வழக்கில் 'அவுட்பாஸ்', அந்த நாட்களில் எந்தப் பாலிசித் தாளைவிடவும் மதிப்புமிக்கதாக இருக்கும்.

உடல்நலத்தில் எவரும் எதிர்பாராத இடத்தில் கால் இடறுவதும் உண்டு. 2023 ஏப்ரலில் சூடானிலிருந்து 'ஆபரேஷன் காவேரி' வழியாக, போர்ட் சூடான், ஜெத்தா என்று அலைந்து இந்தியா வந்து சேர்ந்தவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்ல முடியாமல் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லை. அந்நோய் பரவும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து சான்றிதழ் இன்றி வருவோரை ஆறு நாட்கள் வரை தனிமையில் வைப்பது இந்தியாவின் விதி. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லுபடியாகும் சான்றிதழ், இப்போது வாழ்நாள் முழுவதும் போதும். போருக்குத் தப்பியவரை ஒரு மஞ்சள் நிறச் சிற்றேடு நிறுத்திவைத்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர் இரண்டு மூன்று மாதத்துக்கான மருந்தை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்திருப்பதும், டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளை வளைகுடா விமான நிலையங்களுக்குக் கொண்டுசென்று மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும் இதே வகையைச் சேர்ந்த எளிய முன்னெச்சரிக்கைகள்.

காணாமற்போனவரின் பாலிசி

பூவாறு, பொழியூர்க் கடற்கரைக்குக் கலவர நாடு என்பது 2024-ல் நேரடியாகவே வீடு தேடி வந்தது. ரஷ்யாவில் காவலாளி வேலை என்று ஏஜென்டுகள் சொன்னதை நம்பிப் புறப்பட்ட திருவனந்தபுரம் மாவட்டக் கடலோர இளைஞர்கள், அங்கே புரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சில வாரப் பயிற்சியோடு உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். காயம்பட்டுத் திரும்பியவர்கள் சொன்னவை சிபிஐ வழக்கில் சேர்ந்தன. அதே மாவட்டத்தில் ஆள்சேர்ப்பில் ஈடுபட்டதாகக் கூறப்பட்டவர்கள் 2024 மே மாதம் கைதானார்கள். ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட 126 இந்தியர்களுள் 12 பேர் இறந்துவிட்டதாகவும், 16 பேரைக் காணவில்லை என்று ரஷ்யத் தரப்பு தெரிவித்ததாகவும் வெளியுறவு அமைச்சகம் 2025 ஜனவரியில் கூறியது. போரில் பங்கேற்றவர் என்ற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், ஏமாற்றப்பட்டே வந்திருந்தாலும், பயணக் காப்பீட்டின் வாசல் முற்றாக மூடிவிடும். இந்திய ஆயுள் காப்பீடுகளின் அடிப்படைத் தொகை பெரும்பாலும் போர் மரணத்துக்கும் கிடைக்கும். அதனோடு சேர்த்து வாங்கிய விபத்து ரைடர், அதாவது விபத்தில் இறந்தால் கூடுதல் தொகை தரும் இணைப்புக் காப்பு, கிடைக்காது. இந்த வேறுபாடு பல குடும்பங்களுக்கு மனு நிராகரிக்கப்படும் நாளில்தான் தெரியவருகிறது.

இறந்தவரைவிடக் காணாமற்போனவரின் குடும்பம் கூடுதலாகத் துன்புறுகிறது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லையெனில் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது இந்தியாவின் சாட்சியச் சட்டத்தில் நெடுங்கால விதி. அவர் இறந்துவிட்டார் என்பதைத்தான் அந்த அனுமானம் கூறும், எந்த நாளில் இறந்தார் என்பதைக் கூறாது என்று 2004-ல் எல்ஐசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நடைமுறையில் இதன் பொருள் கொடியது: காணாமற்போன நாளிலேயே அவர் இறந்தார் என்று எடுத்துக்கொண்டு பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். சம்பாதித்தவர் இல்லாத வீடு, அவர் பெயரில் ஏழு ஆண்டுகள் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2014 ஜூனில் மொசூலில் காணாமற்போன 39 இந்தியத் தொழிலாளர்கள் இறந்துவிட்டதாக மரபணுச் சோதனைக்குப் பின் அரசு அறிவித்தது 2018 மார்ச்சில்தான்.

சொந்த நாட்டுக் காப்பீடு கைவிடும் இடத்தில் சென்ற நாட்டின் சட்டம் கைகொடுப்பதும் உண்டு. 2021 மே மாதம் அஷ்கெலான் நகரில் ஏவுகணை விழுந்து கேரளத்துப் பெண் பராமரிப்பாளர் ஒருவர் இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்று இஸ்ரேல் தரப்பு அறிவித்தது. எதிரித் தாக்குதலில் பாதிக்கப்படுவோருக்கான அந்நாட்டின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம், முறையாக நாட்டுக்குள் வந்த அயல்நாட்டவரையும் உட்படுத்துகிறது. பணம் தருவது அவர்களுடைய தேசியக் காப்பீட்டு நிறுவனம். 'முறையாக' என்னும் சொல்லே இங்கும் வாசற்படி. விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவருக்கு இப்படிப்பட்ட வாசல் திறக்கும் என்ற உறுதி இல்லை, பயணப் பாலிசியும் பெரும்பாலும் அவருக்கு உதவாது.

இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று உள்ளது. அவசரச் சிகிச்சை, தற்காலிகத் தங்குமிடம், உடலை அனுப்பும் செலவு முதலியவற்றுக்கு அதிலிருந்து உதவலாம். அது உரிமை அன்று, தேவையைப் பார்த்துத் தரும் உதவி; ஆயினும் பாலிசி எதுவும் இல்லாதவருக்கு அதுவே கடைசித் திண்ணை.

கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் தரும் பிரவாசி அடையாள அட்டை விபத்துக் காப்பீட்டோடு வருகிறது. 2025-ல் நோர்க்கா ரூட்ஸ் தொடங்கிய 'நோர்க்கா கேர்' திட்டம், நவம்பர் 1 முதல், 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பையும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பையும், கணவன், மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 13,411 ரூபாய்க்குத் தருகிறது. ஊரில் இருக்கும் பெற்றோர் இந்தத் தொகைக்குள் அடங்குவதில்லை என்பதும், பணமில்லாச் சிகிச்சைக்கான மருத்துவமனைகள் இந்தியாவில் உள்ளவை என்பதும் கவனிக்க வேண்டியவை. கலவர நாட்டில் காயம்பட்டவர் இந்தியா வந்து சேர்ந்த பின்பே இத்திட்டத்தின் மருத்துவப் பயன் தொடங்கும்.

பாறசாலையில் தமிழ் பேசுவோருக்கு இதில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. சென்னையிலும் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும் எல்லையோரத் தமிழர் அது தமக்கும் உரியது என்று எண்ணுவது இயல்பு. நலத்திட்ட அட்டையைப் பொறுத்தவரை பெரும்பாலும் முகவரிதான் பேசுகிறது, தாய்மொழி பேசுவதில்லை. கேரள ரேஷன் கார்டு உடையவர் முதலில் நோர்க்காவின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மனுவை நிராகரித்தாலும், ஒரு மாதம் வரை பதிலே தராவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது 'இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்' என்று அறியப்படும் அதிகாரியிடம், கட்டணமின்றி முறையிடலாம்; வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் அனுமதியில்லை; 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர அவர் உத்தரவிடலாம். இங்கும் எல்லைக்கோடு வந்து நிற்கிறது. இஞ்சிவிளையில் வாழும் ஒருவர் கொச்சிக்கு எழுத வேண்டும். கூப்பிடு தூரத்தில் களியக்காவிளையில் கட்டிக்கொடுத்த அவருடைய சகோதரி, அதே நிறுவனத்தின் அதே பாலிசிக்கு, சென்னைக்கு எழுத வேண்டும். இருவருடைய மனுவிலும் முதலில் கேட்கப்படுவது பாலிசி எண். புறப்படுகிறவர் வீட்டில் விட்டுச்செல்லும் தாள்களில் விசா நகல் இருக்கும், ஏஜென்டின் ஃபோன் நம்பர் இருக்கும், கடன் வாங்கிய வங்கியின் பாஸ்புக்கும் இருக்கும். பாலிசி மின்னஞ்சலில் வந்திருக்கும். அந்த மின்னஞ்சல் திறப்பது, அவரோடு சென்ற கைப்பேசியில்.